அண்ணனை வாங்கிக்கொண்ட கரை

எங்கள் வீட்டில் நான் தமிழ் படித்தேன், அண்ணன் மலையாளம் படித்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு டிவிஷனும் இருந்தன. நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான். அந்தப் பக்கம் அவர்கள் பாடம் ஒப்பிப்பது எங்களுக்குக் கேட்கும், எங்களுடையது அவர்களுக்கு. யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று அப்பாதான் முடிவு செய்தார்.

"பொட்டப்புள்ள தமிழ்ல படிச்சாப் போதும். நாளைக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் கட்டிக் குடுப்போம். பையன் வில்லேஜ் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போகோணும். அங்கெல்லாம் மலையாளந்தான்."

அதில் அம்மா தலையிடவில்லை. அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

பாலக்காட்டுப் பக்கம், நல்லேப்பிள்ளிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து ஆற்றை நோக்கி இறங்கினால் எங்கள் ஊர். வடகரையில் எங்களைப் போன்ற குடியானவர்கள். நெல்லும் நிலக்கடலையும் போட்டோம். ஊடு, தோட்டம், சோலி என்று நாங்கள் பேசிய தமிழைப் பொள்ளாச்சிச் சந்தையில் யாரும் வேற்றூர்த் தமிழ் என்று சொன்னதில்லை. கடைவீதியில் ராவுத்தர்களின் துணிக்கடை, அரிசி மண்டி, தையல்கடை. அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். தென்கரையில் கோயிலும் ஆபீசுகளும் மலையாளம் பேசும் வீடுகளும். இரண்டு கரைக்கும் நடுவே ஒரு நிலம்பதி இருந்தது. ஆற்றுப் படுகையை ஒட்டிப் போட்ட தாழ்வான பாலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கோடையில் அதன் மேல் பஸ் போகும். மழைக்காலத்தில் ஆறு அதன் மேல் போகும். அப்போது தென்கரையில் உள்ளவர்கள் தென்கரையிலும் வடகரையில் உள்ளவர்கள் வடகரையிலும் இருந்துவிட வேண்டியதுதான். அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதை நாங்கள் பிற்பாடு விட்டுவிட்டோம்.

அண்ணன் நன்றாகத் தமிழ் பேசுவான். எங்கள் தெருவிலேயே அவனைப் போல ஒவ்வொரு ஆள் மாதிரியும் பேசிக்காட்டிச் சிரிக்க வைப்பவர் கிடையாது. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. காலையில் டீக்கடையில் மலையாளப் பேப்பரை முழுக்கப் படித்துவிட்டு வந்து, அம்மா அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்தியைத் தமிழில் சொல்வான். பொழுது சாய்ந்ததும் என் வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "படி அம்முணி, போன வாரம் அவ கெணத்துக்கிட்ட நின்னாளே, பொறவு என்னாச்சு?" என்பான். நான் தொடர்கதையை வாசிப்பேன். சண்டை போட்ட நாளில் பத்திரிகையைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்துக்கொள்வேன். அவன் கெஞ்சுவான். சினிமாக் கொட்டகைச் சுவரொட்டி முன்னால் என்னை நிறுத்தி, "என்ன போட்டிருக்குது?" என்று கேட்பான். தமிழ் எழுத்தைக் கற்றுத் தருகிறேன் என்றால், "நீ இருக்கீல்ல, எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிடுவான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம். அண்ணனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒற்றை மாட்டுக்கு ஜோடி தேடி அவன் காலையில் கோவிந்தாபுரம் போயிருந்தான். மாடு அமையவில்லை. மதியத்துக்கு மேல் தென்கிழக்கே மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆற்றில் மட்டும் செந்தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அவன் வந்த பஸ் தென்கரையிலேயே நின்றுவிட்டது. இறங்கியவர்கள் கரையில் காத்திருந்தார்கள். தண்ணீர் அப்போது நிலம்பதிக்கு மேல் முழங்காலளவுதான். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு இறங்கி இந்தப் பக்கம் வந்து ஏறிவிட்டார்கள். அப்பா வயலிலிருந்து ஓடி வந்து வடகரையில் நின்றிருந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான். ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அப்பா கையைத் தூக்கி ஆட்டினார். அவன் இறங்கினான்.

பாதிக்கு மேல் வந்துவிட்டான். எனக்கு அவன் முகம் தெரிந்தது. அப்புறம் மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு உருண்டு வந்தது. அது கடந்து போனபோது நிலம்பதியில் யாரும் இல்லை.

ஆட்கள் இரண்டு கரையிலும் தேடிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தேடினார்கள். ஆறு வடிந்தபின் நாணற் புதர்களையெல்லாம் கழியால் கிளறிப் பார்த்தார்கள். அம்மா ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது கஞ்சி கொண்டுபோனால், "அவன் வரட்டும்" என்பாள். அப்பா வீட்டுக்கு வந்தால் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். தம் வலது கையை மடியில் போட்டு இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். கடைவீதி ராவுத்தர் ஒருவர் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களில் விற்கப் போகிறவர். அப்பாவை எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, உக்காருங்க. ஒரு சேதி."

"கெடச்சுட்டானா?" என்று அப்பா நின்றபடியே கேட்டார்.

"கெடச்சான் மாமா. மண்ணுக்கும் போயிட்டான். நல்ல எடத்துலதான் வெச்சிருக்காங்க."

பறளி தாண்டி ஒரு கிராமத்தில் டீக்கடையில் ராவுத்தர் மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார். வெள்ளத்தில் ஓர் ஆள் வந்து கரை ஒதுங்கியதைப் பற்றி அங்கே பேச்சு. போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. வேறு ஸ்டேஷன் என்பதால் எங்கள் ஸ்டேஷனுக்குச் சேதி வந்து சேரவில்லை. சட்டைக் காலரில் தையல்கடைக்காரர் வைத்துத் தைத்த துணித் துணுக்கு இருந்ததாம், அதில் ஏதோ தமிழில் எழுதியிருந்ததாம், புதைக்கும் முன் அதை வெட்டி வைத்திருந்தார்களாம். அந்த ஊரில் அதைப் படிக்க ஆள் இல்லை. ராவுத்தர் தமிழ் படிப்பார் என்றதும் அந்தத் துணுக்கை எடுத்துவரச் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரும் அவருடைய மச்சினன் கடைப் பெயரும் அதில் இருந்தன.

அந்தச் சட்டையை அண்ணன் தைத்து வாங்கிவந்த நாளில் காலரைத் திருப்பிக் காட்டி என்னிடம்தான் படிக்கச் சொல்லியிருந்தான்.

அப்பா உடனே புறப்பட்டார். ஒரு வேனைப் பேசி, ராவுத்தரையும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களையும் ஒரு கோடித் துணியையும் ஏற்றினார். கல்யாணம் ஆகாதவர்களைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம். தோண்டி எடுத்து வந்து எங்கள் தோட்டத்து மூலையில் வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அம்மாவும் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பொம்பளைங்க அங்க வரக்கூடாது, எறங்கு."

"நான் பெத்தவனுங்க. நான் வருவேன்" என்றாள் அம்மா. அப்பா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என்னையும் யாரும் இறங்கச் சொல்லவில்லை.

ராவுத்தர் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன்னால். பின்னால் பாக்கு மரங்கள், அதற்கும் பின்னால் அதே ஆறு. அங்கே அது அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓர் அம்மாள் படியிறங்கி வந்தார். என் அம்மா வயதுதான் இருக்கும். வெள்ளை முண்டும் ரவிக்கையும் உடுத்து, தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். ராவுத்தர் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. நேராக வந்து என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல ராவுத்தர் தமிழில் சொன்னார். காலையில் குளிக்கப் போனபோது அவருடைய கடவில், அதாவது படித்துறையில், பூவரச வேரில் அவன் சிக்கியிருந்தானாம். போலீஸ் எழுதிக்கொண்டு போனபின், உரியவர் யாரும் வராததால் ஆற்றுப் புறம்போக்கில் புதைத்துவிடலாம் என்று ஊரில் பேசியிருக்கிறார்கள். அவர் சம்மதிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து அவரே அவன் முகத்தையும் கைகால்களையும் கழுவிவிட்டிருக்கிறார். தம் புருஷனை அடக்கம் செய்த, வீட்டின் தெற்குப் பக்கத்து மண்ணில், அவர் பக்கத்திலேயே அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

"எதுக்காக இவ்வளவு செஞ்சீங்கன்னு நான் கேட்டேன்" என்றார் ராவுத்தர். "அவங்க பையன் வடக்க பட்டாளத்துல இருக்கறானாம். நாளைக்கு அவன் எங்காச்சும் விழுந்தா, அந்த ஊர்ல ஒருத்தி எடுத்து வெக்க வேண்டாமான்னு சொன்னாங்க."

தெற்குப் பக்கம் மண் மேடாக இருந்தது. தலைமாட்டில் ஒரு விளக்கு. பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் அம்மாவின் பக்கம் திரும்பி, "மோன்டெ பேரெந்தா?" என்று கேட்டார். இத்தனை நாளும் பெயர் தெரியாமலேதான் விளக்கு வைத்திருக்கிறார். அம்மா பெயரைச் சொன்னாள். அவர் அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது கொஞ்சம் வேறு பெயராகக் கேட்டது. அம்மா திருத்தவில்லை.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு செம்பு எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார். "கொறச்சு வெள்ளம் குடிக்கூ அம்மே."

குடிக்கும் தண்ணீருக்கு மலையாளத்தில் வெள்ளம் என்றுதான் பெயர். எங்கள் ஊரில் அது தெரியாதவர் கிடையாது. அம்மாவும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் அம்மா பின்வாங்கினாள். கையைத் தட்டிவிட்டாள். செம்பு விழுந்து உருண்டது. "வெள்ளம் வேண்டாம், வெள்ளம் வேண்டாம்" என்று கத்தினாள். எங்கள் பாஷையில் அது என்னவென்று ராவுத்தர் அந்த அம்மாளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் உள்ளே போய் மறுபடியும் செம்போடு வந்து, தமக்குத் தெரியாத சொல்லை முதல்முறையாகச் சொல்கிறவர் போல, "தண்ணி" என்றார். "தண்ணி, அம்மே."

அம்மா வாங்கிக் குடித்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் தானாக வாங்கிக் குடித்த முதல் தண்ணீர் அதுதான்.

அப்பா ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஒருவர் மண்வெட்டியை எடுத்தார். அம்மா போய் மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, வேண்டாமுங்க."

"என்ற பையன் என்ற மண்ணுல கெடக்கோணும்."

"மறுக்காத் தோண்டி அவன எதுக்குங்க எழுப்பறது? குளுப்பாட்டி வெச்சிருக்காங்க. இங்கயே கெடக்கட்டும்."

அந்த அம்மாளுக்கு இதை மலையாளத்தில் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. "இவிடெ கெடந்நோட்டே" என்றார். "ஞான் நோக்கிக்கோளாம்." நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா ஆளின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு ஆற்றுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். ராவுத்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். அப்பா பேசியது கேட்டது.

"நான் நில்லுன்னு கைய ஆட்டுனேன் மாப்பிள்ள. வராத, அங்கயே நில்லுன்னு. அவன் வரச்சொல்றேன்னு நெனச்சு எறங்கிட்டான்."

ராவுத்தர் அவருடைய வலது கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். இதை அப்பா அம்மாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கொண்டுபோன கோடித் துணியை மேட்டின் மேல் விரித்துவிட்டுத் திரும்பினோம்.

எங்களுக்கு ஆடி அமாவாசை, அவர்களுக்குக் கர்க்கடக வாவு. இரண்டும் ஒரே நாள்தான், அன்றைக்கு இரண்டு கூட்டமும் ஆற்றில் இறங்கித்தான் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிறது. அடுத்த வருஷம் அந்த நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டில் பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் தம் புருஷனுக்கு ஓர் உருண்டையும் அண்ணனுக்கு ஓர் உருண்டையும் பிடித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை. அம்மா நிலக்கடலையும் கம்பு மாவும் கட்டிக்கொண்டு போவாள். அவர் நேந்திரங்காயும் பப்படமும் கொடுத்தனுப்புவார்.

முதலில் நான்தான் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் பேச்சை மற்றவர் பாஷையில் சொன்னேன். இரண்டு மூன்று வருஷத்தில் எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அம்மா தமிழில் பேசுவாள், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். பட்டாளத்துப் பையனுக்கு வாய்க்கும் பெண், எங்கள் அப்பாவின் இருமல், மழை, மூட்டு வலி என்று பேச்சு போகும். சில சமயம் இரண்டு பேரும் கடவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மா எங்கள் ஊரில் யாரிடமும் அண்ணனைப் பற்றிப் பேச மாட்டாள். சொந்தக்காரர்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அந்த வீட்டில் மட்டும்தான் பேசினாள். அவன் பேப்பர் செய்தி சொன்னது, ஆட்களைப் போல நடித்துக் காட்டியது எல்லாவற்றையும் சொல்லி, சில நேரம் சிரிக்கவும் செய்தாள்.

அதற்குள் நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். கோயமுத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுப்பதென்ற பேச்சை அப்பா பிறகு எடுக்கவே இல்லை. பள்ளிக்கூட வருஷம் பிறந்ததும் புதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பன்மார் வருவார்கள். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க, பையன மலையாளத்துல போட்டுர்றேன். நாளைக்கு ஒரு வேலைன்னு போகோணுமில்ல" என்பார்கள். எனக்குக் கோபம் வராது. எங்கள் அப்பா பேசியதே திரும்பவும் கேட்பது போல இருக்கும். அந்தப் பிள்ளைகள் தட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்காருவார்கள். என் பக்கத்துப் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்கள். தெருவில் சில குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போயின. இருந்தவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் அம்மாவிடம் தமிழில் பேசிவிட்டுத் தங்களுக்குள் சண்டையை மலையாளத்தில் போட்டார்கள். நிலம்பதியை மட்டும் யாரும் உயர்த்திக் கட்டவில்லை.

எழுபதுகள் முடியும் தறுவாயில், ஒரு மாசி மாதம், ராவுத்தர்தான் மறுபடியும் சேதி கொண்டுவந்தார். அந்த அம்மாள் போய்விட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. உறவினர்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அங்கே அழுகையெல்லாம் வாய்க்குள்ளேதான். எங்கேயோ ஒருவர் மெல்லிய குரலில் நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் இழவு வீட்டில் அழுவது போல, ராகம் இழுத்து அழ ஆரம்பித்தாள்.

"என்ற பொறந்தவளே, என்ற மகனக் குளுப்பாட்டுனவளே..."

நின்றிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எனக்குக் கூசியது. அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, மெதுவா" என்றேன். அப்போது பட்டாளத்துப் பையன் என் கையை விலக்கினான். மொட்டைத் தலையும் ஈர முண்டுமாக இருந்தான். "கரஞ்ஞோட்டே" என்றான். அழட்டும்.

அம்மா அழுதாள். அண்ணனுக்காகக்கூட அவள் அப்படி அழுததை நான் கேட்டதில்லை. பிறகுதான் கவனித்தேன், அவள் இழுத்த அடிகளில் பாதி அண்ணனுக்குரியவை. அவனை எங்கே தேடினாள், எந்தக் கரையில் உட்கார்ந்திருந்தாள் என்று எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர்களில் யாருக்கும் முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் யாரும் நடுவில் குறுக்கிடவில்லை. நாமம் சொன்னவரும் நிறுத்திவிட்டார்.

அவரையும் தெற்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள், அண்ணனுக்கு மறுபக்கத்தில்.

திரும்பி வரும்போது பாலக்காட்டில் பஸ் மாறி ஏறி உட்கார்ந்தபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி அம்மா கேட்டாள்: "இனி அந்த ஊட்டுல நான் ஆருகூடப் பேசறது?"

அந்தப் பையன் நல்லவன், அவன் இருக்கிறானே என்றேன். அவள் தலையை அசைத்தாள். அந்த அசைவுக்கு ஆமாம் என்றா இல்லை என்றா பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அம்மா புறப்படவில்லை. முழங்கால் வலி என்றாள். நான் மட்டும் போனேன். பட்டாளத்துப் பையனின் மனைவி, சின்னப் பெண், தெற்குப் பக்கத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தாள். மூன்று உருண்டை பிடித்திருந்தாள். மலையாளத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்டாள், நானும் மலையாளத்தில் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாட்டுத் தொட்டியருகே நின்றிருந்தாள்.

"ஆரு வெளக்கு வெச்சா?"

"அந்த மருமகதான் வெச்சா."

"பேசுனாளா?"

"பேசுனா. உன்னக் கேட்டா."

"அவ நம்ம பையன் மொகத்தக்கூடப் பாத்ததில்ல" என்றாள் அம்மா. அப்புறம் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.